புரோகிதர் இல்லாத பந்தல்

சடங்கை நடத்தப் பிறவி உரிமை வேண்டாம், படிப்பே போதும் என்று கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் முடிவு செய்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்தப் படிப்பை அடுத்த தலைமுறைக்குச் சொல்லித்தருவது யார் என்பதுதான் இப்போதைய கேள்வி.

கோலார் தங்கவயலில் மனிதர்கள் வேலைக்குப் போகும்போதே சாவையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் போனார்கள். பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிவிட்ட சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெடித்தால் சில சமயம் ஒருவர், சில சமயம் பலர். மேலே கொண்டுவரப்பட்ட உடல் லைன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்ததும் எழும் கேள்வி எல்லா ஊருக்கும் பொதுவானது. காரியத்தை முன்னின்று நடத்துவது யார்?

தங்கவயலில் இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் இருந்ததில்லை. ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் நவீன முறையில் தங்கம் தோண்டத் தொடங்கியபோது, கூலி வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள். பிராமணப் புரோகிதர் அவர்கள் வீட்டு வாசலை மிதிக்கமாட்டார். ஊரில் இருந்தவரை அவர்களுடைய கல்யாணத்தையும் கருமாதியையும் நடத்திவைத்தவர்கள் வள்ளுவர் மரபினர். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய பெருந்தொகுப்பிலும் வள்ளுவர்கள் பறையர்களின் குருக்கள் என்றே குறிக்கப்படுகிறார்கள். அதுவும் பிறப்பால் வரும் உரிமைதான்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் தங்கவயலின் சில லைன்களில் மூன்றாவதாக ஒரு பதில் கிடைத்தது. முன்னின்று நடத்த வந்தவர் பிராமணரும் அல்ல, வள்ளுவரும் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர். அதே சங்கு ஊதியதும் அதே சுரங்கத்தில் இறங்குபவர். அவருக்கு இருந்த தகுதி ஒன்றே ஒன்று: படித்திருந்தார்.

மாரிக்குப்பத்தில் ஒரு சங்கம்

இந்தப் பதிலைத் தந்தவர் அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914). சித்த மருத்துவர், பழந்தமிழ் நூல்களில் ஊறியவர். 1898-ல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கைக்குப் போய், ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் பிறந்தது. 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு பெயரிலிருந்த பைசா போய் 'தமிழன்' மட்டும் நின்றது.

பத்திரிகை போன இடமெல்லாம் சங்கமும் போயிற்று. பெங்களூர், ஹூப்ளி, செகந்தராபாத், ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று, தாழ்த்தப்பட்ட தமிழர்கள் பிழைக்கப் போன ஊர்களே அதன் கிளைகளாயின. இவற்றில் மிகவும் வேரூன்றிய இடம் தங்கவயல். எம்.ஒய். முருகேசர் போன்றவர்கள் முன்னின்று நடத்திய மாரிக்குப்பம் சங்கமும், பின்னாளில் சாம்பியன் ரீஃப் சங்கமும் இயக்கத்தின் தூண்களாக இருந்தன. காரணம் எளிது. கிராமத்தில் ஆண்டையின் நிலத்தில் கூலி வேலை செய்பவர் மதம் மாறினால் அன்றைக்கே அடுப்பு அணையும். சுரங்கக் கம்பெனிக்கோ, தொழிலாளி எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்பதில் அக்கறை இல்லை. கீழே இறங்கினால் போதும்.

அயோத்திதாசரின் வாதத்தில் புரோகிதம் பற்றிய பகுதிதான் கூர்மையானது. 'யதார்த்த பிராமணர்' என்றும் 'வேஷ பிராமணர்' என்றும் அவர் இரண்டாகப் பிரித்தார். கல்வியாலும் ஒழுக்கத்தாலும் உயர்ந்த நிலையை அடைந்தவர் எவரோ அவரே உண்மையான பிராமணர். பிறப்பைக் காட்டி அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்பவர் வேஷக்காரர். வள்ளுவர், சாக்கையர், நிமித்தகர் எல்லாம் பண்டைய பௌத்த நாட்டில் இல்லறத்தில் இருந்தபடி மக்களுக்குச் சடங்கு நடத்திவைத்த குருமார்களின் பெயர்கள் என்பது அவருடைய விளக்கம். வரலாற்று ஆய்வாளர்கள் இதையெல்லாம் அப்படியே ஏற்கமாட்டார்கள். ஆனால் சுரங்கத் தொழிலாளியின் காதில் அது வேறுவிதமாக ஒலித்தது. பந்தலில் முன்னால் நிற்பது பதவியல்ல, கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. அப்படியானால் அவனும் கற்றுக்கொள்ளலாம்.

எங்கே கற்பது? மடமும் இல்லை, பாடசாலையும் இல்லை. பிக்குகள் எப்போதாவது இலங்கையிலிருந்தோ பர்மாவிலிருந்தோ வந்து போனார்களே தவிர, லைன் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் அவர்களை எதிர்பார்க்க முடியாது. எனவே பத்திரிகையே பாடத்திட்டமாயிற்று. படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்க, தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். புத்தரின் வரலாற்றையும் போதனையையும் தமிழில் விரித்துச் சொல்லும் அயோத்திதாசரின் 'ஆதிவேதம்' 1912-ல் நூலாக வந்தது. திருமணம் பற்றிய அவருடைய 'விவாக விளக்கம்' தனிச் சிறுநூலாகவே கிடைத்தது. இயற்பியல் பேராசிரியரும் பௌத்த அறிஞருமான பி. லட்சுமி நரசு சங்கங்களின் மாநாடுகளுக்குத் தலைமை தாங்கி வழிகாட்டினார்.

அயோத்திதாசர் 1914-ல் மறைந்தார். பத்திரிகையும் சில காலத்தில் நின்றது. அதை மீண்டும் எழுப்பியது சென்னை அல்ல, தங்கவயல். 1926 முதல் பண்டிதர் ஜி. அப்பாதுரையார் சாம்பியன் ரீஃபிலிருந்து 'தமிழன்' இதழை நடத்தினார். அங்கேயே இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. சடங்கை நடத்தும் மனிதனும், அவன் கையில் பிடித்திருந்த புத்தகமும் தங்கவயலிலேயே உருவான காலம் அது. செலவு, பெரும்பாலும் சுரங்கச் சம்பளத்திலிருந்து.

முன்னின்று நடத்துபவர் தெரிந்துகொள்ள வேண்டியது பெரிய பட்டியல் அல்ல. ஆனால் அரைகுறையாகத் தெரிந்தால் போதாது. புத்தர், தம்மம், சங்கம் ஆகிய மூன்றையும் சரணடையும் திரிசரணத்தையும், ஐந்து ஒழுக்கங்களை ஏற்கும் பஞ்சசீலத்தையும் பாலி மொழியில் பிழையில்லாமல் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பின்தொடர்ந்து சொல்லும்படி நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். அதன் பொருளைத் தமிழில் விளக்க வேண்டும். கல்யாணம் என்றால் மணமக்களுக்கு இல்லறக் கடமையை எடுத்துச்சொல்ல வேண்டும். சாவு என்றால் அழுதுகொண்டிருப்பவர்களிடம் நிலையாமையைப் பற்றிப் பேச வேண்டும். தன்னோடு நேற்று கீழே இறங்கியவனின் உடலுக்கு முன்னால் அதைப் பேசுவது எளிதல்ல.

பண்டிகைகளுக்கும் விளக்கம் தெரிந்திருக்க வேண்டும். போகியைப் போதிப் பண்டிகை என்றும், தீபாவளியை எள் நெய்யின் பயன் கண்டறியப்பட்ட நாள் என்றும் விளக்கினார் அயோத்திதாசர். பக்கத்து வீட்டார் கொண்டாடும் அதே நாளை வேறு பொருளோடு கொண்டாடுவதற்கு, காரணத்தைச் சொல்லத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார்.

பாபா புத்தாவின் வழி

இதே கேள்விக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே பதில் தேடிய இன்னொரு சமூகம் பஞ்சாபில் உண்டு. தங்கவயலுக்குப் பஞ்சாபியர் அந்நியர் அல்ல, சுரங்கக் காவல் வேலைக்குக் கம்பெனிகள் அவர்களை வரவழைத்ததுண்டு. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது காவல்காரரை அல்ல, அவர்கள் வணங்கும் குருத்வாராவில் புனித நூலின் முன் அமர்ந்திருக்கும் கிரந்தியை.

1604-ல் ஐந்தாவது குருவான குரு அர்ஜன், தாம் தொகுத்த ஆதி கிரந்தத்தை அமிர்தசரஸ் ஹரிமந்திரில் வைத்தபோது அதன் முதல் கிரந்தியாக நியமித்தவர் பாபா புத்தா. பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். இது கௌதம புத்தரின் பெயர் அல்ல. பஞ்சாபியில் முதியவர் என்று பொருள். சிறுவயதிலேயே பெரியவர்போலப் பேசியதால் குரு நானக் அப்படி அழைத்தார் என்பது மரபு.

பத்தாவது குருவான குரு கோவிந்த சிங் 1708-ல் மறைவதற்கு முன், தமக்குப் பின் நூலே குரு என்று அறிவித்துவிட்டார். அதோடு கிரந்தியின் இடமும் தெளிவாயிற்று. அவர் குரு அல்ல, கடவுளுக்கும் பக்தனுக்கும் இடைத்தரகரும் அல்ல. நூலுக்கு ஊழியர். விடியலுக்கு முன் குரு கிரந்த சாகிபைத் திறந்து வைப்பது, அன்றைய வழிகாட்டலாக ஒரு பகுதியை வாசிப்பது, சபையின் சார்பில் பிரார்த்தனை சொல்வது, இரவில் நூலை மூடித் துயில வைப்பது ஆகியவை அவரது அன்றாடம். குழந்தை பிறந்தால் நூலைத் திறந்து, கண்ணில் படும் பாடலின் முதல் எழுத்தைத் தருவார். அந்த எழுத்தில் பெயர் வைப்பார்கள். திருமணத்தில் நான்கு பாடல்கள் வாசிக்கப்பட, மணமக்கள் நூலை நான்கு முறை வலம்வருவார்கள்.

நூல் 1,430 பக்கம். அதை இடைவிடாமல் முழுதும் வாசிக்கும் அகண்ட பாடத்துக்கு ஏறத்தாழ 48 மணி நேரம் பிடிக்கும். ஒருவர் களைத்தால் அடுத்தவர் உட்காருவார், குரல் மட்டும் நிற்காது. பழைய சுவடிகளில் சொற்களுக்கிடையே இடம் விடாமல் எழுத்துகள் தொடர்ந்து ஓடும், நம் ஓலைச்சுவடிகளைப் போலவே. எங்கே பிரிப்பது, எப்படி உச்சரிப்பது என்பதை ஆசிரியர் எதிரே உட்கார்ந்து வரிவரியாகத்தான் கற்க வேண்டும். இதற்கென்றே டக்சால் எனப்படும் மரபுவழிப் பயிற்சிக்கூடங்கள் இருக்கின்றன. அமிர்தசரஸில் ஷஹீத் சீக்கிய மிஷனரி கல்லூரி 1927 முதல் இயங்குகிறது. ராகத்தோடு பாடும் ராகிகளுக்குப் பயிற்சி தனி. ஆணோ பெண்ணோ, எந்தச் சாதியில் பிறந்தவரோ, தகுதி பெற்றால் கிரந்தி ஆகலாம் என்பது விதி.

விதி இருந்தும் நடைமுறை வழுக்கியது. பல குருத்வாராக்கள் பரம்பரை மகந்துகள் கைக்குப் போயின. 1920 அக்டோபர் 12 அன்று, புதிதாக அமிர்தம் பெற்ற தாழ்த்தப்பட்ட சீக்கியர்கள் பொற்கோயிலுக்குப் பிரசாதம் கொண்டுவந்தார்கள். பூசாரிகள் அதை ஏற்க மறுத்தார்கள். வாக்குவாதத்துக்குப் பின் நூலையே கேட்பது என்று முடிவாயிற்று. திறந்த பக்கத்தில் வந்த வாசகம் கடையரையும் ஏற்கும் கருணையைச் சொன்னது. பிரசாதம் ஏற்கப்பட்டது. அகால் தக்த்தின் பூசாரிகள் இடத்தை விட்டே போய்விட்டார்கள்.

அடுத்த மாதமே சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி உருவாயிற்று. 1921 பிப்ரவரியில் நன்கானா சாகிபில் மகந்தின் ஆட்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். நீண்ட போராட்டத்தின் முடிவில் 1925-ல் குருத்வாராச் சட்டம் வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட கமிட்டியின் கைக்குக் கோயில் வந்தது, அதோடு வருமானமும் வந்தது. பயிற்சி, நியமனம், சம்பளம் எல்லாம் அதிலிருந்து கிளைத்தன. இன்றும் எல்லாம் சரியாகிவிடவில்லை. பஞ்சாப் கிராமங்களில் சாதிக்கொரு குருத்வாரா உண்டு. பெண் கிரந்தியைக் காண்பது அரிது. ஆனால் ஒரு கிரந்தி ஓய்ந்தால் அடுத்தவர் எங்கிருந்து வருவார் என்று யாரும் கவலைப்படுவதில்லை.

நாகபுரியில் நடந்தது

இந்த இரண்டு வழிகளையும் எடைபோட்டுப் பார்த்த ஒரு மனிதர் உண்டு. இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935 அக்டோபரில் இயோலாவில் அறிவித்த டாக்டர் அம்பேத்கர், 1936 ஏப்ரலில் அமிர்தசரஸில் நடந்த சீக்கியர் மாநாட்டுக்குப் போனார். சீக்கிய மதத்தைத் தீவிரமாகப் பரிசீலித்தார். கடைசியில் அவர் தேர்ந்தது பௌத்தம். அந்த வழியில் தமிழர் ஒருவரின் கையும் உண்டு. லட்சுமி நரசு 1907-ல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த சாரம் பற்றிய நூலை 1948-ல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் அம்பேத்கர்.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அவர் முதலில் பிக்கு சந்திரமணியிடம் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றார். பிறகு கூடியிருந்த லட்சக்கணக்கானவர்களுக்கு அவரே தீட்சை தந்தார். காவி கட்டாத இல்லறத்தார் ஒருவர் மதச் சடங்கை முன்னின்று நடத்திய மிகப் பெரிய நிகழ்ச்சி அது. தங்கவயல் லைன்களில் அரை நூற்றாண்டாகச் சிறிய அளவில் நடந்துவந்ததன் பேருருவம் என்றும் சொல்லலாம்.

அம்பேத்கர் இன்னொன்றையும் செய்திருந்தார். 1955-ல் அவர் நிறுவிய இந்திய பௌத்த மகாசபை, இல்லறத்தாருக்குப் பயிற்சி முகாம் நடத்தி 'பௌத்தாச்சாரியர்' என்ற தகுதி தருகிறது. மகாராஷ்டிரத்தில் பௌத்தக் கல்யாணத்தையும் பெயர் சூட்டு விழாவையும் நடத்திவைப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். பகலில் ஆசிரியராகவோ குமாஸ்தாவாகவோ இருப்பவர் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுத்திப் பந்தலுக்கு வருகிறார். தங்கவயலுக்குக் கிடைக்காமல் போனது இந்த அமைப்புதான்.

காகிதத்தில் ஒரு மதம்

கிடைக்காமல் போனதற்கு அரசாங்கக் காகிதமும் ஒரு காரணம். 1950-ன் தாழ்த்தப்பட்ட சாதிகள் ஆணை, இந்துக்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை என்று வரையறுத்தது; சில சீக்கியப் பிரிவுகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1956-ல் சீக்கியர்கள் முழுமையாகச் சேர்க்கப்பட்டார்கள். பௌத்தர்கள் சேர்க்கப்பட்டது 1990-ல். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் பள்ளிச் சான்றிதழில் பௌத்தர் என்று எழுதினால் மகனுக்குக் கல்லூரி இடமும் வேலையும் போய்விடும். வீட்டில் புத்தர், காகிதத்தில் இந்து என்ற இரட்டை வாழ்க்கைக்கு இந்த ஆணையே வழிவகுத்தது.

கல்யாணத்துக்கும் இதே தகராறு உண்டு. சீக்கியர்களின் திருமண முறைக்கு 1909-லேயே ஆனந்த் திருமணச் சட்டம் வந்துவிட்டது. பௌத்தர்கள் 1955-ன் இந்து திருமணச் சட்டத்துக்குள் வருகிறார்கள். மணமக்களில் ஒருவருடைய வழக்கமான சடங்குப்படி நடந்தால் செல்லும் என்கிறது அதன் ஏழாவது பிரிவு. வழக்கம் என்பதை நிரூபிக்க வேண்டும். புரோகிதர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953-ல் தீர்ப்பளித்தபோது, தமிழ்நாட்டில் அதைச் சரிசெய்ய அண்ணா ஆட்சியின் திருத்தம் தேவைப்பட்டது. அந்தத் திருத்தம் தமிழ்நாட்டுக்குரியது. தங்கவயல் இருப்பது கர்நாடகத்தில். எனவே அங்கே பந்தலில் நிற்பவர் சடங்கை முறையாக, எல்லாரும் ஒப்பும்படி நடத்துவதென்பது வெறும் பக்தி விஷயம் அல்ல. பின்னாளில் சொத்துத் தகராறு என்று வந்தால் அந்தப் பெண்ணுக்கு அதுவே சாட்சி.

சங்கு நின்ற பிறகு

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தங்கவயல் சுரங்கங்களை மூடியது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் தங்கம் தந்த மண்ணில் மிஞ்சியவை சயனைடு மேடுகளும் லைன் வீடுகளும். மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குக் கூலி வேலைக்கும் காவல் வேலைக்கும் போய், இருட்டிய பின் திரும்புவது ஆயிரக்கணக்கானவர்களின் வாழ்க்கையாயிற்று.

இந்த மாற்றம் சடங்குப் படிப்பை எப்படித் தாக்கும் என்பது ஊகிக்கக் கடினமானதல்ல. அந்தப் படிப்பு நின்றது மூன்று கால்களில். எல்லாரும் ஒரே வேலை நேரத்தில் ஓய்ந்து ஒரே லைனில் கூடிய மாலை. சங்கத்துக்குச் சந்தா தந்த சுரங்கச் சம்பளம். தமிழ் வாசிப்பு. முதலிரண்டும் சுரங்கத்தோடு போயின. மூன்றாவது மெல்லப் போகிறது. கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ படித்த பேரனுக்கு, தாத்தா கையில் வைத்திருந்த நூறாண்டுக்கு முந்தைய தமிழ் எளிதில் ஓடாது.

பயிற்சி இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்கலாம். போதாது என்பதற்குத் தமிழ்நாடே சான்று. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 2006-ல் ஆணை வந்தது. பயிற்சிப் பள்ளிகள் திறக்கப்பட்டன, இளைஞர்கள் படித்துத் தேறினார்கள். அப்படிப் பயிற்சி பெற்றவர்களில் 24 பேருக்கு 2021 ஆகஸ்டில்தான் நியமன ஆணை கிடைத்தது. அங்கே படித்தவர்களுக்கு இடம் தர ஆளில்லை. தங்கவயலில் நிலைமை நேர்மாறு. யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று இடம் எப்போதோ திறந்துவிடப்பட்டது, படித்துவிட்டு வருபவர்தான் வேண்டும்.

நூல்கள் ஒரேயடியாகத் தொலைந்துவிடவில்லை. தனிமனிதர்கள் பல்லாண்டு பாதுகாத்து வைத்திருந்த 'தமிழன்' இதழ்களிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999-ல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. பல்கலைக்கழகங்களில் ஆய்வுகள் பெருகின. பண்டிதருக்கு இன்று கிடைத்திருக்கும் மரியாதை அவர் காலத்தில் கிடைக்காதது.

ஆனால் அந்தத் தொகுதிகள் தடிமனானவை. மேசைமேல் வைத்துப் படிக்க ஏற்றவை. சாம்பியன் ரீஃபில் அன்று அச்சானவை மெல்லிய சிறுநூல்கள். வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, வேட்டி மாற்றிக்கொண்ட ஒரு தொழிலாளி, ஒரு கையில் பிடித்தபடி பந்தலில் நின்று படிக்கலாம். மாரிக்குப்பத்துக்கு மறுபடி வந்துசேர வேண்டியது அந்த அளவுப் புத்தகம். கூடவே, அதை எழுத்துக்கூட்டிச் சொல்லித்தர வாரத்தில் ஒரு மாலை.